‘வைஃபைக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்தால் போன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை

போன வாரம் கோட்டையூரிலிருந்து ஒரு டீச்சர் என் போன் ரிப்பேர் கடைக்கு வந்தார். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, “இதுல இருந்ததெல்லாம் திரும்ப வருமா தம்பி?” என்றார். போனைத் திறந்து பார்த்தேன். புதுப் போன் போலத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அப்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

நடந்தது இதுதான். பென்ஷனுக்கு ஆயுள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தே போனில் முகத்தைக் காட்டிக் கொடுத்துவிடலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன் சொல்லியிருக்கிறான். சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். அதற்கு ஜீவன் பிரமாண் செயலியும், ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற இன்னொரு செயலியும் வேண்டும். டீச்சர் பிளே ஸ்டோரில் இன்ஸ்டால் அழுத்தினார். இறங்கவில்லை. ‘வைஃபைக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு வரி மட்டும் வந்து நின்றது. அவரும் மூன்று நாள் காத்திருந்தார். அவர் வீட்டில் வைஃபையே கிடையாது.

அப்புறம் பஸ் ஏறிப் போய் ஒரு கடையில் காட்டியிருக்கிறார். “சாஃப்ட்வேர் போயிருச்சு” என்று சொல்லி, போனை மொத்தமாக அழித்து, கடை வைஃபையில் இணைத்து, இரண்டு செயலிகளையும் ஏற்றிக் கொடுத்து 500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். இதில் என் வயிறு எரிவது எங்கே தெரியுமா? அழிக்காமலே அந்தக் கடை வைஃபையில் இணைத்திருந்தால் போதும், காத்துக்கொண்டிருந்த செயலி தானாக இறங்கியிருக்கும். வைஃபையே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாலு இடத்தில் விரல் வைத்தால் மாறிவிடும் செட்டிங் அது.

அழிந்துபோனது டீச்சரின் கணவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். அவர் இறந்து ஒன்றரை வருடமாகிறது. மதுரையில் சிகிச்சைக்குத் தங்கியிருந்தபோது தினமும் அனுப்பியது. “பெருசா ஒண்ணுமில்ல தம்பி. மாத்திரை போட்டியா, மோட்டாரை நிப்பாட்டினியான்னுதான் கேப்பாக. அவுக குரல் அதுலதான் இருந்துச்சு” என்றார்.

வாட்ஸ்அப் பேக்கப், அதாவது செய்திகளின் சேமித்த நகல், இருக்குமே என்று தேடினேன். கூகுள் கணக்கில் கடைசி பேக்கப் மூன்று வருடத்துக்கு முந்தியது. மகன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்து, போனை வாங்கி, எல்லாவற்றையும் தயார் செய்து கொடுத்த நாள். பேக்கப்பும் ‘வைஃபையில் மட்டும்’ என்றே இருந்திருக்கிறது. செயலி இறங்காததும், பேக்கப் எடுக்கப்படாததும் ஒரே காரணத்தால்தான்.

இனிமேல் யாரும் இப்படி இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

‘வைஃபைக்காகக் காத்திருக்கிறது’ என்பது நோய் அல்ல. போன் உங்கள் சொல்லைக் கேட்டு நிற்கிறது, அவ்வளவுதான். வைஃபை கிடைத்தால் மட்டும் இறக்கு என்று எப்போதோ யாரோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது பிள்ளைகளாக இருக்கும். அவர்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள், இருபத்துநாலு மணி நேரமும் வீட்டில் வைஃபை. அதே பழக்கத்தில் அப்பச்சி போனிலும் ஆத்தா போனிலும் ‘வைஃபை ஒன்லி’ போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். வைஃபை இல்லாத வீட்டில் அதற்கு என்ன பொருள்? எப்போதுமே இறக்காதே என்று பொருள். வங்கிச் செயலி அப்டேட் ஆகாது, பணம் அனுப்பும் செயலி ஒருநாள் ‘புதுப்பித்தால்தான் திறப்பேன்’ என்று நின்றுவிடும், பாதுகாப்புக்காக வரும் திருத்தங்கள் எதுவும் வந்து சேராது.

இதை மாற்றச் சொன்னால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. “டேட்டாவில் போட்டா காசு போயிடும்ல?” பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன்னால், ஒரு மாதத்துக்கு 1 ஜிபி போட்டுக்கொண்டு அதைப் பொத்திப் பொத்திச் செலவழித்த காலம் இருந்தது. ஒரு வீடியோ பார்த்தால் டாப்-அப் காலியாகிவிடும். அன்றைக்கு ‘வைஃபையில் மட்டும்’ என்பது புத்திசாலித்தனம். இன்றைக்கு உங்கள் ரீசார்ஜ் என்ன? ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். 28 நாளைக்கு 42 ஜிபி. அதற்கான பணத்தை ரீசார்ஜ் செய்த அன்றே கட்டிவிட்டீர்கள். பகலில் 300 எம்பி செலவழித்தீர்கள் என்றால் மீதி 1.2 ஜிபி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போய்விடும். நாளைக்குச் சேராது, யாரும் திருப்பியும் தரமாட்டார்கள். ஒரு செயலி 60 எம்பி, 80 எம்பி. அதை இறக்கினால் தனியாக ஒரு பைசாகூடப் பிடிக்கமாட்டார்கள். கட்டிய காசுக்குக் கிடைத்ததை உபயோகிக்கிறீர்கள். அந்த நாளின் அளவு முழுவதும் தீர்ந்தாலும் பணம் போகாது, வேகம்தான் குறையும். காசு போய்விடும் என்று பயந்து தினம் ஒரு ஜிபியை வீணாக்கிவிட்டு, ஒரு கடையில் 500 ரூபாய் கொடுத்து வருகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தினசரி அளவு இல்லாமல் மொத்தமாக 2 ஜிபி, 3 ஜிபி என்று வரும் சின்ன பிளான் போட்டிருப்பவர்கள் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். பேசுவதற்கு மட்டுமான பிளான் என்றால் டேட்டாவே கிடையாது, எந்தச் செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. சிங்கப்பூர், மலேசியா என்று பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், விமானம் ஏறும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். அங்கே போய் அந்த ஊர் சிம் வாங்கிக்கொள்ளலாம். ரோமிங்கில் ஒரு அப்டேட் இறங்கினால் உண்மையிலேயே காசு போகும்.

சரி, மாற்றுவது எப்படி? பிளே ஸ்டோரைத் திறங்கள். மேலே வலது ஓரத்தில் உங்கள் படமோ பெயரின் முதல் எழுத்தோ வட்டத்துக்குள் இருக்கும். அதைத் தொட்டு செட்டிங்ஸ், அதற்குள் நெட்வொர்க் பிரஃபரன்ஸஸ், அதற்குள் ஆப் டவுன்லோட் பிரஃபரன்ஸ். ‘ஓவர் எனி நெட்வொர்க்’ என்று வையுங்கள். தினசரி டேட்டா குறைவாக இருந்தால் ‘ஆஸ்க் மீ எவ்ரி டைம்’ வையுங்கள், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு இறக்கும். அதே இடத்தில் ஆட்டோ அப்டேட் தனியாக இருக்கிறது. வீட்டில் வைஃபை இல்லையென்றால் அதையும் மாற்றுங்கள். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ஆப் ஸ்டோர் பகுதியில் ஆப் டவுன்லோட்ஸ் என்று இருக்கும். 200 எம்பிக்கு மேல் என்றால் மட்டும் கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படம் மங்கலாக, நடுவில் ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறியோடு நிற்கிறதா? அதுவும் இதே விஷயம்தான், கேமராவும் கெடவில்லை, கண்ணும் கெடவில்லை. செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா. மொபைல் டேட்டாவில் எதையெல்லாம் தானாக இறக்கலாம் என்று அங்கே கேட்கும். போட்டோவுக்கு மட்டும் டிக் போடுங்கள், வீடியோவுக்கு வேண்டாம். குடும்பக் குரூப்பில் காலையில் வரும் சாமி வீடியோக்களே பாதி டேட்டாவைத் தின்றுவிடும். வேண்டிய வீடியோவை நீங்களே தொட்டு இறக்கிக்கொள்ளுங்கள், ஆனால் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். நாளாகிவிட்டால் அனுப்பியவரிடம் மறுபடி கேட்க வேண்டி வரும்.

இதை எல்லாவற்றையும் விட முக்கியமாகச் சொல்கிறேன்: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் சாட்ஸ், அதற்குள் சாட் பேக்கப். கடைசி பேக்கப் எந்தத் தேதி என்று முதலில் பாருங்கள். இப்போதே பாருங்கள். பழைய தேதியாக இருந்தால், அங்கேயே ‘பேக்கப் யூசிங் செல்லுலார்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை இயக்கிவிட்டு ஒரு தடவை பேக்கப் எடுங்கள். வீடியோவைச் சேர்க்காமல் விட்டால் அளவு குறையும். கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் இதுவும் சேரும் என்பதால் இடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் மாற்றியும் இறங்கவில்லையா? அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். தீர்ந்தபின் கிடைக்கும் 64 கேபிபிஎஸ் வேகத்தில் 60 எம்பி செயலி இறங்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கும் போனை அழிக்க வேண்டாம், மறுநாள் காலையில் முயற்சி செய்யுங்கள். டேட்டாவை மிச்சப்படுத்த வைக்கும் ‘டேட்டா சேவர்’ இயக்கத்தில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

நம் செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் வேறொரு தொல்லையும் உண்டு. முகப்பில் ஃபைபர் பெட்டியை மாட்டிவிட்டு, உள்ளே தள்ளி இரண்டாங்கட்டில் உட்கார்ந்துகொண்டு வைஃபை வேலை செய்யவில்லை என்பார்கள். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், அது எவ்வளவு கனம் என்று உங்களுக்கே தெரியும். அலை எப்படி வரும்? போனில் வைஃபை அடையாளம் ஒரு கோடு காட்டும், உள்ளே நெட் வராது. போனோ அந்த ஒரு கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். வைஃபையை அணைத்துவிட்டு வளவுப் பக்கம் வந்து நில்லுங்கள், திறந்த வானம், டேட்டா நன்றாகவே வரும்.

கல்யாண வீட்டில் ஹாட்ஸ்பாட் திறந்து கொடுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஹாட்ஸ்பாட்டில் சேரும் போன்களில் சில அதை வைஃபை என்றே எடுத்துக்கொள்ளும். அத்தனை நாள் காத்திருந்த அப்டேட்டும் போட்டோ பேக்கப்பும் உங்கள் டேட்டாவில் ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் 2 ஜிபி காலி. சேர்கிறவர் தன் போனில் அந்த வைஃபையின் விவரத்துக்குள் போய் ‘ட்ரீட் ஆஸ் மீட்டர்டு’ (அளந்து செலவழிக்க வேண்டிய நெட்) என்று வைத்தால் இது நடக்காது. ஐபோனில் ‘லோ டேட்டா மோட்’.

இன்னொன்று, இதில் நான் கெஞ்சிக் கேட்கிறேன். பிளே ஸ்டோரில் இறங்கவில்லை என்றதும், “நான் வாட்ஸ்அப்பில் அனுப்புறேன், அதைத் தொட்டு ஏத்திக்கோங்க” என்று சொல்லி யாராவது ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் செயலியை ஏற்றும் ஃபைல்) அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். சொந்தக்காரர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள், அவர் வாட்ஸ்அப்பே திருடப்பட்டிருக்கலாம். வங்கி, அபராதச் சலான், அரசு உதவித்தொகை என்று எந்தப் பெயரிலும் அது வரும். ஏற்றினால் உங்கள் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை அதை அனுப்பிய திருடன் படிப்பான். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

தொழிலில் இருக்கும் சகோதரர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். இப்போதைய ஆண்ட்ராய்டு போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய நிலையில் இருக்கிறது. ரீசெட் செய்தால், அதாவது போனை மொத்தமாக அழித்தால், அந்தப் பூட்டின் சாவியே அழிந்துபோகிறது. எந்த ரெகவரி சாஃப்ட்வேரும் அதைக் கொண்டுவராது என்று உங்களுக்கும் தெரியும். ரீசெட் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் பிளே ஸ்டோர் செட்டிங்கைத் திறந்து பாருங்கள். ரீசெட்தான் வழி என்றால் “உள்ளே என்னம்மா இருக்கு?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளே, கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் ஹாட்ஸ்பாட்டையெல்லாம் அணைத்துவிட்டு, அம்மாவின் போனில் அம்மாவின் சிம்மிலேயே ஒரு செயலி இறங்குகிறதா, ஒரு பேக்கப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

டீச்சரிடம், “சாருடைய போன் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். பீரோவில் கிடக்கிறதாம். சிம் எப்போதோ செத்துவிட்டதாம். மறுநாள் எடுத்து வந்தார். பேட்டரி முழுசாகப் போயிருந்தது, வேறு போட்டேன். உயிர் வந்ததும் பேட்டர்ன் கேட்டது. டீச்சர் யோசிக்கவே இல்லை, புள்ளி வைத்த கோலம் போடுகிற மாதிரி ஒரே இழுப்பில் போட்டார்.

வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் வாய்ஸ் மெசேஜும் நம் போனில் ஒரு ஃபைலாகத் தங்கும். வாரத்துக்கு ஒரு ஃபோல்டர். அந்த வாரங்களைத் தேடி எடுத்தேன். 43 ஃபைல் இருந்தது. பெரும்பாலும் எட்டு வினாடி, பத்து வினாடி. பென் டிரைவில் ஒரு நகலும், டீச்சர் போனில் ஒரு நகலுமாக ஏற்றினேன். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒன்றைத் தொடப் போனபோது, “இங்க போட வேணாம் தம்பி, வீட்டுல போய்க் கேட்டுக்கிறேன்” என்றார்.

அவர் சிம்மிலேயே, அவர் டேட்டாவிலேயே பேக்கப் ஓடவிட்டேன். முடிந்ததும் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி பேக்கப் எப்போது என்று காட்டும் இடத்தைத் தானே தேடி எடுத்து வாசித்தார். “இன்று, 11.42.”