பீங்கான் அல்ல, வனைகலம்

'கைவினைப் பீங்கான் சேவைத் தட்டு'. புதுச்சேரிக் குயவர்கள் சக்கரத்தில் வனைந்த கனமான பரிமாறும் தட்டுக்கு விற்பனைக் குறிப்புகள் தரும் பெயர் இது. நான்கு சொற்களில் இரண்டு தவறு.

ஒருவரோ சிறு குழுவோ மண் பிசைவது முதல் சூளை பிரிப்பது வரை தாமே செய்வது 'ஸ்டுடியோ பாட்டரி'; இந்தத் தட்டும் அந்த வகைதான். ஸ்டுடியோ, ஈடுபாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் 1920இல் பெர்னார்டு லீச்சும் ஹமாடா ஷோஜியும் தொடங்கிய பட்டறை இந்தத் தொழில்முறைக்குப் பெரும் முன்மாதிரி. புதுச்சேரிக்கு அதைக் கொண்டுவந்தது, ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971இல் நிறுவிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி.

பீங்கான் பாரசீகச் சொல்; அங்கே கிண்ணம் என்று பொருள். அரபியர் காப்பி குடிக்கும் ஃபின்ஜானும் அதே வேர்தான். பிறமொழிச் சொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. கயோலின் என்னும் வெண்களிமண்ணில் செய்து, மெல்லிய இடத்தில் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளைக் கலத்துக்குத் தமிழில் அது நன்றாகவே பொருந்துகிறது. இந்தத் தட்டோ ஸ்டோன்வேர். ஏறத்தாழ 1200 டிகிரி செல்சியசுக்கு மேல் வெந்து கல்லாக இறுகியது. தடித்தது, ஒளி புகாதது. நீர் கசியும் மண்பானையின் இனமும் அல்ல. 'கல்மண் கலம்' என்றால் குழப்பமே இல்லை. பளபளப்பதெல்லாம் பீங்கான் என்று எழுதுகிறவர்கள் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. அகராதியின் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள்.

ஸ்டுடியோ பாட்டரிக்குக் 'கலைக்கூட மட்பாண்டம்' என்றொரு ஆக்கம் உலவுகிறது. கூடமா இங்கே முக்கியம்? கைதானே! மலைபடுகடாம் குயவரின் சக்கரத்தை 'வனைகலத் திகிரி' என்கிறது. வனைகலம் என்ற சொல் நம்மிடம் ஆயத்தமாக இருக்கிறது. அச்சில் வார்த்து எடுப்பதை யாரும் வனைதல் என்பதில்லை; ஆகவே ஆலைப் பொருளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவும் அந்த ஒரு சொல்லே போதும்.

செய்தவரைச் 'செராமிக் கலைஞர்' என்பது எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது. குயவர் என்று சொன்னால் மதிப்புக் குறைந்துவிடுமா? கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி, இறந்தவரைப் புதைக்கும் தாழியை அகலமாக வனையச் சொல்லும் புறநானூற்றுப் பாடல் (256) குயவரைக் 'கலம்செய் கோவே' என்று விளிக்கிறது.

'சேவை' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சோற்றைப் பரிமாறுகிறோம், அது பரிமாறும் தட்டு. வனைந்தவர் கலத்தின் அடியில் தம் முத்திரையைப் பதித்திருந்தால், விற்பனைக் குறிப்பிலும் 'குயவர்' என்று போட்டு அவர் பெயரை எழுதட்டும்.