டிஸ்க் வலி: ஸ்கேன் படத்தைவிடக் கால் சொல்வதைக் கேளுங்கள்

மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரி மண்டிகளில் கிரேட் (பழப்பெட்டி) ஏற்றுபவர்களைக் கவனியுங்கள். குனிந்து தூக்கி, பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்பி வண்டியில் வைப்பார்கள். குனிவதும் திரும்புவதும் பாரத்தோடு சேரும்போது, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கின் வெளி வளையம் கிழிந்து, உள்ளிருக்கும் கூழ் பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பு வேரை அழுத்தலாம். கிரேட்டை வயிற்றோடு அணைத்துத் தூக்கி, காலை எடுத்து வைத்துத் திரும்பினாலே ஆபத்து குறையும்.

பெரும்பாலும் கெடுவது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகள்தான். மேலே உள்ளது அழுத்தினால் வலி கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் புறங்காலுக்குப் போகும். கட்டைவிரலைத் தூக்கும் பலம் குறையும். கீழே உள்ளது என்றால் சுண்டுவிரல் ஓரம் மரத்துப்போகும். ஒற்றைக்காலில் குதிகாலை எம்பி நிற்க வராது.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் ‘பிதுக்கம்’ என்று பார்த்ததுமே ஆபரேஷன்தான் என்று பயந்துவிடுகிறார்கள். 50 வயதில் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்தாலும் பாதிப் பேருக்கு மேல் பிதுக்கம் தெரியும். கால் வலியோடு வருபவர்களிலும் பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடும். பெரிதாகப் பிதுங்கிய கூழைக்கூட உடம்பே கரைத்துவிடுவது உண்டு.

அதுவரை படுத்தே கிடக்கக் கூடாது. ஓய்வு ஓரிரு நாள் போதும். பிறகு சமதரையில் 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளில் மூன்று நான்கு முறை நடக்க வேண்டும். பாயில் குப்புறப் படுத்து 2 நிமிடம். முழங்கையை ஊன்றி நெஞ்சை உயர்த்தி 2 நிமிடம். பிறகு இடுப்பு பாயிலேயே இருக்க, உள்ளங்கையை ஊன்றி மேலெழும்பி இறங்குவது 10 தடவை. காலில் இருந்த வலி தொடைக்கும், அங்கிருந்து இடுப்புக்கும் ஏறி வந்தால் நல்ல அறிகுறி. இடுப்பில் சற்று அதிகமானாலும் தொடரலாம். பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்தி, பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். நடந்தால் கால் கனத்து, குனிந்தால் சுகப்படும் முதியவர்களுக்கு இந்தப் பயிற்சி ஒத்துவராது.

எழுந்த முதல் ஒரு மணி நேரம் டிஸ்க் நீர் கோத்து விறைப்பாக இருக்கும். விடியற்காலையில் பால் கறப்பவர்கள் குனிந்து நிற்காமல் முக்காலியில் உட்காருங்கள். மெடிக்கலில் வலி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்; சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ இருந்தால் அது வேறு வினையில் முடியும். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டினால் முதுகுத் தசை தளர்ந்துபோகலாம். சுளுக்கு எடுப்பதாக முதுகில் ஏறி மிதிக்க விடவே விடாதீர்கள்.

சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, மலம் தன்னையறியாமல் வெளியேறினாலோ, உட்காருமிடம் மரத்தாலோ, இரண்டு கால்களும் பலமிழந்தாலோ பயிற்சிக்கு நேரமில்லை. நடக்கையில் பாதம் தொங்கி, செருப்பு நழுவினாலும் அவசரம்தான். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.