கன்னிங் என்றால் வஞ்சகமா?

ஆங்கிலப் படங்களுக்குக் கீழே தமிழ் எழுத்துப் போடுகிறவர்களுக்கு 'கன்னிங்' என்ற சொல்லைக் கண்டால் கை தானாக வஞ்சகம் என்று எழுதிவிடுகிறது. வஞ்சகச் சிரிப்பு, வஞ்சகத் திட்டம்; போன கிழமை ஒரு பூனைகூட வஞ்சகப் பூனையாகிவிட்டது. பாவம், அது மேசையிலிருந்த மீனை எடுக்க வழி பார்த்தது, அவ்வளவுதான்.

சொல்லின் பிறப்பு, அறிதல் என்று பொருள்படும், பழைய நோர்ஸ் என்ற வட ஐரோப்பியப் பழமொழியின் அல்ல, பழைய மொழியின் வினையோடு சேர்ந்தது. 'முடியும்' என்று பொருள்தரும் ஆங்கிலக் 'கேன்' என்பதும் அதே குடும்பம். முதலில் நல்ல சொல்தான். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமம் ஏசாவை 'கன்னிங்' வேட்டைக்காரன் என்கிறது. தமிழ் வேதாகமத்தில் அவன் 'வேட்டையில் வல்லவன்'. பிறகு திறமையோடு ஒளிவுமறைவும் ஒட்டிக்கொண்டது. நம் 'சூழ்ச்சி'க்கும் இதே கதி: 671ஆம் குறளில் அது ஆலோசனை, இன்று சதி.

சரி, வஞ்சகம் ஏன் பொருந்தாது? வஞ்சிக்க முதலில் நம்பிக்கை வேண்டும். கொழும்பில், காலி வீதி பஸ்ஸில் கொண்டக்டர் "மிச்சம் பிறகு தாறன்" என்கிறார். வெள்ளவத்தை நெருங்கும்போது முன்கதவுப் பக்கம் போய் நின்றுகொள்கிறார். பின்கதவுப் பக்கம் நிற்கும் நீங்கள் நெரிசலைப் பிளந்து அவரை எட்டுவதற்குள் இறங்குமிடம் வந்துவிடும். தரமாட்டேன் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. இதுதான் கன்னிங். அவரை யார் நம்பினார்கள், வஞ்சகர் என்பதற்கு? இவருக்கே அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால், கூட்டாளியின் காணியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டவனுக்கு எதைக் கொடுப்பது?

தந்திரம் என்றால் போதும். அது வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'நரித்தனம்' என்கிறார்கள். (வஞ்சகமும் வடசொல்தான், அதற்கு மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை.) நரித்தனம் ஆளைத் திட்ட உதவும். பரீட்சைத் தாளில் வந்த 'நரித்தனமான கேள்வி' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்புத்தான் வரும். தந்திரம் இரண்டு பக்கமும் சாயும்: ஏதேன் தோட்டத்துச் சர்ப்பமும் தந்திரமுள்ளது, தூதுவரும் இராஜதந்திரி. அகராதியில் முதலில் கிடக்கும் சொல்லை அள்ளிப் போடுகிற மொழிபெயர்ப்பாளருக்கு இந்தச் சாய்வெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

ஆளைச் சொல்வதென்றால் யாழ்ப்பாணத்து 'சுழியன்' இருக்கிறது. ஏச்சும் மெச்சலும் ஒரே மூச்சில் வரும். ஆனால் தமிழ்நாட்டுக்கும் போகிற படத்தில் போட்டுவிடாதீர்கள்; அங்கே சுழியன் எண்ணெயில் பொரிக்கும் இனிப்புப் பலகாரம்.