பதினாறு வயது முகத்தில் ஆயாவின் சுருக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்து இறங்கியவர்களைப் பற்றிய நாடகத்தில் அவருக்கு ஆயா, அதாவது பாட்டி, வேடம். பென்சிலால் வரைந்த சுருக்கங்கள் கைப்பேசிப் படத்தில் வெறும் கோடுகளாகவே தெரிகின்றன. திரைப்படத்தில் மட்டும் நடிகர்கள் உண்மையாகவே கிழமாகிவிடுவது எப்படி?

உடலையே மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. நம் பெனோனியில் பிறந்த சார்லீஸ் தெரன், 2003இல் வெளிவந்த ‘மான்ஸ்டர்’ படத்துக்காக ஏறத்தாழ 14 கிலோ எடை கூட்டி, பொய்ப்பற்களும் பொருத்திக்கொண்டு நடித்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கினார். உண்பது செலவழிப்பதை மிஞ்சினால் மிச்சம் கொழுப்பாகச் சேரும் என்ற பள்ளிப் பாடம்தான் அது. 1996இல் வந்த ‘இந்தியன்’ படத்தின் கமல்ஹாசனைப் போல, முகத்துக்கேற்ப வார்த்த துண்டுகளை ஒட்டிக்கொள்வது இன்னொரு வழி. ஆனால் வார்ப்பே இல்லாமல், தோலைக் கொண்டே சுருக்கத்தை உண்டாக்கும் ஒரு பழைய உத்தி இருக்கிறது. ஒப்பனைக் கலையில் எனக்கு இதைவிட அழகானது வேறில்லை.

அதற்கு வேண்டியது திரவ லேட்டக்ஸ், அதாவது ரப்பர் பால். நீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர் துகள்கள் திரிந்துவிடாமல் காக்க அதில் அம்மோனியா கலந்திருப்பதால், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும். தோலை இழுத்துப் பிடித்து, ஸ்பாஞ்சால் மெல்ல ஒற்றி, ஹேர் டிரையரால் உலர்த்தினால் நீர் ஆவியாகி, துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. இழுத்த நிலையில் தோல் 5 சென்டிமீட்டர் என்றால் படலமும் 5 சென்டிமீட்டர். கையை விட்டதும் தோல் 4 சென்டிமீட்டருக்குத் திரும்புகிறது. ஒட்டிக்கொண்ட படலமோ அவ்வளவு குறுக முடியாமல், மிஞ்சிய நீளத்தை மடிப்புகளாக்கிக்கொள்கிறது. காய்ச்சிய பாலின் ஏட்டைக் கரண்டியால் ஒதுக்கும்போது அது சுருங்குவதும் இப்படித்தான்.

மடிப்பின் அகலத்தைத் தீர்மானிப்பது ஓர் இழுபறி. படலம் கூர்மையாக வளைய மறுக்கிறது. அடியிலுள்ள சதை ஆழமாக மடிய மறுக்கிறது. இரண்டுக்கும் இடையில் ஓர் அகலம் அமைகிறது. படலத்தின் தடிமனை இரட்டித்தால் அந்த அகலமும் ஏறத்தாழ இரட்டிக்கும். ஆகவே கண்ணோரத்தின் நுண்சுருக்கத்துக்கு ஒரே பூச்சு, கழுத்துக்குப் பல பூச்சுகள் என்று ஒப்பனைக்காரர் கைப்பழக்கத்தில் செய்வதற்குள் ஓர் இயற்பியல் விதி இருக்கிறது. இவை மெய்யான பள்ளங்கள் என்பதால் விளக்கு நகர்ந்தால் நிழலும் நகரும், சிரித்தால் மடிப்பு ஆழமாகும். பென்சில் கோட்டால் இவ்விரண்டும் முடியாது.

கிழ வேடம் போட்டால் முகம் சீக்கிரம் கிழண்டுவிடும் என்று வீட்டில் யாரேனும் அஞ்சினால், படலம் ஒட்டுவது தோலின் உயிரற்ற மேலடுக்கில்தான் என்று எடுத்துச் சொல்லுங்கள். அஞ்ச வேண்டியது ஒவ்வாமைக்கே. ரப்பர் கையுறையோ பலூனோ பட்டு அரிப்பு, தடிப்பு வந்தவர்கள் இதைத் தொடவே வேண்டாம். மற்றவர்களும் முந்தின நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். புருவத்தில் வாசலைன் தடவாவிட்டால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். டர்பனின் நவம்பர் ஈரக்காற்றில் உலர நேரமாகும், அவசரப்படாதீர்கள்.

முகத்துக்குப் போகுமுன் புறங்கையில் பழகுங்கள். முஷ்டியை இறுக மூடி, ஒரு கையில் ஒரு பூச்சும் மறு கையில் மூன்று பூச்சுகளும் இட்டு, நன்றாக உலர்ந்தபின் ஒட்டிக்கொள்ளாதிருக்கப் பவுடர் தூவி, விரல்களை மெதுவாக விரித்து, இரண்டு கைகளின் மடிப்புகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள்.