மேயவேண்டிய மீனே தீனி போட்டால்

மண்டபம், பாம்பன் பக்கம் கப்பாபைகஸ் பாசி வளர்ப்பவர்கள் 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையின் அடியில் வலை கட்டுவார்கள். கட்டாவிட்டால் 45 நாளில் அறுக்கவேண்டிய பாசியை ஓரா மீன் கறித்துவிடும். இதே பாசி மிதவையை விட்டுப் போய்க் குருசடைத் தீவின் பவளப்பாறையைப் போர்த்தி மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு பாசி எவ்வளவு பரவும் என்பது பாசியின் கையில் மட்டும் இல்லை. சுற்றி மேய்வது யார் என்பதையும் பொறுத்தது.

உடம்பில் ஓரா மீனின் வேலையைச் செய்வது மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல். செத்த செல், கிருமி, கெட்டுப்போன செல் எல்லாவற்றையும் விழுங்கும். ஆனால் சில இரத்தப் புற்றுநோய்களில் இந்த மீனே பாசிக்குத் தீனி போடுகிறது.

லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுவில் தோன்றி, வயதானவர்களுக்கு வரும் நாள்பட்ட லிம்ஃபோசைட் இரத்தப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து புற்றுச் செல்களை மட்டும் சுத்தமாகப் பிரித்து, 37 டிகிரியில் ஊட்டத் திரவத்தில் வைத்தால் சில நாட்களிலேயே பெரும்பாலானவை செத்துவிடும். உடம்புக்குள் வருடக்கணக்கில் சாகாதது தட்டில் ஏன் சாகிறது? பிரிக்கும்போது மோனோசைட்களையும், அதாவது மேக்ரோஃபேஜாக மாறக்கூடிய வெள்ளணுக்களையும், கழித்துவிட்டதுதான் காரணம். அவற்றைக் கழிக்காமல் செல்களை நெருக்கமாக விட்டு வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் மோனோசைட்கள் உருண்டு பெருத்துத் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றையும் சுற்றிப் புற்றுச் செல்கள் மொய்த்திருக்கும். மொய்த்தவை பிழைக்கின்றன. 2000-இல் இதை விவரித்தவர்கள் அந்தப் பெரிய செல்களுக்குச் செவிலி என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். மருத்துவமனைச் செவிலியைவிட, சங்கப் பாட்டில் வரும் வளர்த்த தாயான செவிலிதான் இதற்குப் பொருத்தம்.

இந்தச் செவிலி சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தைச் சுரந்து புற்றுச் செல்லைத் தன் பக்கம் இழுக்கும். பாஃப், ஏப்ரில் என்ற புரதங்கள் 'இப்போது சாகாதே' என்ற சமிக்ஞையைத் தரும். நிணநீர்க் கணுவிலும் எலும்பு மஜ்ஜையிலும் இந்தக் கவனிப்பு தினமும் நடக்கிறது. டி செல் என்ற வேறு வகை லிம்ஃபோசைட்டில் தோன்றும் தீவிர இரத்தப் புற்றுநோயிலும் கதை இதேதான். எலிகளில் சுற்றியுள்ள மைலாய்டு செல்களை (மேக்ரோஃபேஜ் சேர்ந்த குடும்பம்) குறைத்தால் புற்று சுருங்குகிறது. அங்கே தீனி ஐ.ஜி.எஃப்.1 என்ற வளர்ச்சிப் புரதம்.

அப்படியானால் மேக்ரோஃபேஜை மறுபடி மேய வைத்தால் என்ன? மைலாய்டு செல்களில் தோன்றும் தீவிர இரத்தப் புற்றுநோயில் புற்றுச் செல் சி.டி.47 என்ற புரதத்தைத் தன்மேல் நிறையப் பூசிக்கொள்ளும். 'என்னைத் தின்னாதே' என்ற அட்டை அது. அதை மறைக்கும் மருந்துகள் வந்தன. சிக்கல் என்னவென்றால் சிவப்பணுக்களும் அதே அட்டையை மாட்டியிருக்கின்றன; மறைத்தால் அவையும் விழுங்கப்பட்டு இரத்தசோகை வரும். இவ்வகை மருந்துகளில் முன்னணியில் இருந்த மாக்ரோலிமாப்பின் இறுதிக்கட்டச் சோதனைகள் பலன் காட்டாமல் 2023-24-இல் நிறுத்தப்பட்டன. அட்டையைக் கிழித்தால் மட்டும் போதாது, மீனுக்குப் பசியும் வேண்டும்.

பலித்தது வேறு வழி: செவிலியின் மடியிலிருந்து புற்றுச் செல்லைக் கிளப்பிவிடுவது. 2014-இல் நாள்பட்ட லிம்ஃபோசைட் வகைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற இப்ரூட்டினிப் மாத்திரை, பி.டி.கே. என்ற நொதியை அடைக்கும். செல்லின் பிடி தளரும், கணுவிலிருந்து இரத்தத்துக்கு வந்துவிடும், தீனியில்லாமல் மெல்ல மடியும்.

இங்கேதான் வீட்டில் பதற்றம் வரும். மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் எடுத்த இரத்தப் பரிசோதனைச் சீட்டில் லிம்ஃபோசைட் எண்ணிக்கை முன்பைவிட ஏறியிருக்கும். கழுத்தில் கட்டியிருந்த நெறியோ (வீங்கிய நிணநீர்க் கணு) கையில் தட்டாத அளவுக்கு வற்றியிருக்கும். நெறி வற்றி, காய்ச்சல் இல்லாமல், எண்ணிக்கை மட்டும் ஏறினால் பெரும்பாலும் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். இறங்கச் சில மாதங்கள்கூட ஆகலாம். நெறியும் சேர்ந்து பெருத்தால் உடனே டாக்டரிடம் போகவேண்டும். சீட்டைப் பார்த்துப் பயந்து நாமாக மாத்திரையை நிறுத்தினால், வெளியே வந்த செல்கள் பழையபடி கணுவுக்குள் புகுந்து நெறி மறுபடி வீங்கக்கூடும்.