நீல விளக்கை அணைத்துவிட்டுப் பவளத்தைப் பாருங்கள்

கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க உயிருள்ள பவளம் விற்கும் கடைகளில் பெரும்பாலும் அடர் நீல விளக்குதான் எரியும். அந்த வெளிச்சத்தில் அக்ரோபோரா என்னும் கிளைவிடும் கல் பவளம் பச்சையும் ஊதாவுமாக மினுங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். வாங்குவதற்கு முன் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள்.

அந்த மினுக்கம் பவளத்தின் திசுவிலுள்ள சில புரதங்களின் வேலை. நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவோ சிவப்பாகவோ வெளிவிடுகின்றன. பவளத்துக்குச் சோறு போடுவது வேறொன்று. திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச்செல் பாசி, பழுப்பு நிறம். ஒளிச்சேர்க்கையில் அது தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்கே போகிறது. அதனால் கொஞ்சம் பழுப்பேறிய துண்டைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். பாசி அதிகம் என்பதுதான் அதற்குப் பொருள். நல்ல ஒளியும் நைட்ரேட், பாஸ்பேட் குறைந்த தண்ணீரும் கிடைத்தால் நிறம் திரும்பக்கூடும்.

வெளுப்பு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். கிளை நுனி வெளுத்திருந்தால் நல்லது: பவளத்தின் சுண்ணாம்பு எலும்புக்கூடு வேகமாக வளர்கிறது, பாசி இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அடிப்பகுதி வெளுத்து எலும்பு தெரிந்தால் திசு உரிந்துகொண்டே மேலே போகிறது. அந்தத் துண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கடையில் 'ஃபிராக்' என்று விற்பது, பெரிய பவளத்தின் கிளையை வெட்டிச் சிறு பீங்கான் கட்டையில் பசையால் ஒட்டியது. முருங்கைக் கொம்பை ஒடித்து நடுவதைப் போலத்தான். வளர்வது தாய்ப் பவளத்தின் அதே மரபணு. திசு கட்டையின் மேல் படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். படர்ந்திருந்தால் வெட்டுக்காயம் ஆறி, துண்டு நிலைபெற்றுவிட்டது.

தாய்ப் பவளம் எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். இந்தோனேசியாவில் இப்படிக் கடலிலேயே பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். அந்த நாடும் 2018-இல் ஏற்றுமதியைச் சில காலம் நிறுத்தியது. கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் 2-ஆம் பட்டியலில் இருப்பதால், நாடு கடந்து வரும் ஒவ்வொன்றுக்கும் அனுமதி ஆவணம் வேண்டும். இந்தியாவில் 2001-இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி அள்ளிய காலம் உண்டு. இன்று அங்கிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம், செத்த துண்டாக இருந்தாலும். யாராவது 'ராமேஸ்வரத்துப் பவளம்' என்று நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள்.

சரி, ஆவணத்தோடு நல்ல துண்டு கிடைத்துவிட்டது. நேராக விளக்குக்கு அடியில் வைக்கக்கூடாது. பழக்கமில்லாத கடும் ஒளி விழுந்தால், செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பாசி உண்டாக்கும்; பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளிவிடும். தொட்டியின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றுங்கள்.

அப்புறம் பூச்சி. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குச் சிக்காது. மருந்து நீரில் முக்கினால் புழு உதிர்ந்துவிடும், முட்டை சாகாது. ஆகவே பழைய கட்டையைக் கழற்றி எறிந்து, வெற்று எலும்பில் ஒட்டியிருக்கும் முட்டைகளைச் சுரண்டி எடுத்து, தனித் தொட்டியில் வைத்துச் சில வாரங்கள் திரும்பத் திரும்ப முக்கவேண்டும். புதிதாகப் பொரிக்கும் குஞ்சுகள் மறுபடி முட்டையிடும் முன்பே சிக்க வேண்டும்.