ஹிஜாப் முகத்திரை அல்ல, முக்காடு

செய்திப் படம் ஒன்று. பேருந்துக்குக் காத்திருக்கும் இளம்பெண். நெற்றி, கண், மூக்கு, வாய், தாடை எல்லாம் தெளிவாகத் தெரிகின்றன. முடியும் காதும் கழுத்தும் மட்டும் துணிக்குள் இருக்கின்றன. படத்தின் கீழே "முகத்திரை அணிந்த பெண்" என்று போட்டிருக்கிறார்கள். திரை விழாத ஒரே இடம் அந்த முகம்தான். இப்படி ஒரு குறிப்பை இதோடு எத்தனை முறை பார்த்தாயிற்று! வெளிநாட்டுச் செய்தி என்றால் இன்னும் மோசம். ஹிஜாப், நிகாப், புர்கா, ஈரானியப் பெண்கள் போர்த்திக்கொள்ளும் சாதர் எதுவானாலும் தமிழுக்கு வந்து சேரும்போது முகத்திரையாகிவிடுகிறது.

முதலில் மூலச்சொல். ஹிஜாப் அரபுச் சொல். ஹ-ஜ-ப என்ற வேரெழுத்துகளுக்கு மறைத்தல், தடுத்தல், இடையில் நிற்றல் என்று பொருள். அரசரைப் பார்க்க வருவோரை வாசலிலேயே நிறுத்தும் அதிகாரிக்கு ஹாஜிப் என்று பெயர். கண்ணுக்கு மேலே நிற்கும் புருவமும் அரபியில் ஹாஜிப்தான். நெருங்கிய வாரிசு ஒருவர் இருப்பதால் தூரத்து வாரிசின் பங்கு தடைபடுவதை இஸ்லாமியச் சொத்துரிமைச் சட்டம் ஹஜ்ப் என்கிறது. துணி என்ற பொருள் வேரில் இல்லை. இரண்டுக்கு நடுவே நிற்கும் தடுப்பு என்பதே அடிப்படைப் பொருள்.

குர்ஆனில் இந்தச் சொல் ஏழு இடங்களில் வருகிறது. ஓரிடத்திலும் அது தலையில் போடும் துணியைக் குறிக்கவில்லை. நபியின் மனைவியரிடம் எதையேனும் கேட்பதானால் ஹிஜாபுக்கு அப்பாலிருந்து கேளுங்கள் என்கிறது 33:53, அதாவது 33ஆம் அத்தியாயத்தின் 53ஆம் வசனம். அங்கே அது அறையைப் பிரிக்கும் திரை. 19:17இல் இயேசுவின் தாய் மர்யம் தம் மக்களிடமிருந்து விலகி ஒரு ஹிஜாபை ஏற்படுத்திக்கொள்கிறார். அதுவும் தடுப்பே. பெண்களின் ஆடையைப் பேசும் 24:31இல் வரும் சொல் கிமார், அதாவது தலையை மூடும் துணி. கிமாரை மார்பின் மேல் போட்டுக்கொள்ளச் சொல்கிறது வசனம். 33:59இல் வரும் ஜில்பாப் உடலைப் போர்த்தும் மேலாடை. தலைத்துணிக்கு ஹிஜாப் என்ற பெயர் வழக்கில் பின்னால் வந்து ஒட்டியது. இன்று உலகம் முழுக்க அந்தப் பொருளில்தான் புழங்குகிறது. அதை மாற்ற நம்மால் ஆகாது, மாற்றவும் வேண்டாம்.

முகத்திரை எங்கிருந்து வந்தது? இரண்டு வழிகளில் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. ஒன்று, ஹிஜாபுக்கு அகராதி தரும் முதல் பொருள் திரை. 33:53க்கு அது மிகச் சரி. யாரோ அந்தத் திரையை எடுத்து, பெண்ணின் ஆடைதானே என்று முன்னால் முகத்தை ஒட்டிவிட்டார்கள். இரண்டாவது வழி ஆங்கிலம். ஆங்கிலத்தின் 'வெய்ல்' முகத்தை மூடுவதற்கும் பெயர், தலையை மட்டும் மூடுவதற்கும் பெயர். மணப்பெண்ணின் முகத்தில் தொங்கும் வலையும் வெய்ல், கத்தோலிக்கக் கன்னியரின் தலையில் இருக்கும் துணியும் வெய்ல். பிரெஞ்சுக்காரர்களின் 'வ்வால்' என்ற சொல்லிலும் இதே மயக்கம் உண்டு. செய்தி நிறுவனத்தின் ஆங்கிலத்தை எதிரே வைத்துக்கொண்டு எழுதுபவர் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்கிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கன்னியர் தலையில் இருப்பதை இவர்களில் ஒருவரும் முகத்திரை என்று எழுதுவதில்லை. அன்னை தெரசாவின் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலைத் தலைப்பை அப்படி எழுதினால் ஆசிரியர் குழுவே சிரிக்கும். அதே அளவு துணி, அதே இடம். முஸ்லிம் பெண் என்றதும் மட்டும் துணி கீழே இறங்கி முகத்தை மூடிக்கொள்கிறது. இதை வெறும் கவனக்குறைவு என்று என்னால் விட முடியவில்லை. அவளுக்கு முகம் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்ட மனம் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்கிறது.

தமிழில் முகத்திரை வெறும் ஆடைப் பெயராகவும் இல்லை. முகத்திரையைக் கிழிப்போம், முகத்திரை கிழிந்தது என்று மேடைதோறும் கேட்கிறோம். போலியின் வேடத்துக்கும் வஞ்சகனின் நடிப்புக்கும் நாம் வைத்திருக்கும் சொல் அது. தமிழில் முகத்திரைக்கு அடுத்து வரும் வினை பெரும்பாலும் கிழித்தல்தான். அந்தச் சொல்லைக் கொண்டுபோய்ப் பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்தால், துணியோடு சந்தேகமும் சேர்ந்து போகிறது. மொழிபெயர்ப்பவர் அப்படி நினைத்து எழுதாமல் இருக்கலாம். படிப்பவர் காதில் அப்படித்தான் விழுகிறது.

இதில் சட்டக் குழப்பமும் இருக்கிறது. பிரான்ஸ் 2004இல் கொண்டுவந்த சட்டம் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான மத அடையாளங்களுக்குத் தடை விதித்தது. முகம் தெரியும் தலைத்துணியும் அதில் அடங்கும், பெரிய சிலுவையும் யூதர்களின் சிறுதொப்பியும் அடங்கும். அதே நாடு 2010இல் இயற்றி 2011 ஏப்ரலில் நடைமுறைப்படுத்திய சட்டம் பொது இடங்களில் முகத்தை மூடுவதற்கான தடை. முன்னது பள்ளியில் தலையைப் பற்றியது, பின்னது தெருவில் முகத்தைப் பற்றியது. இரண்டையும் "முகத்திரைத் தடை" என்று எழுதினால் வாசகர் என்ன புரிந்துகொள்வார்? ஒரே சட்டத்தை இரண்டு முறை போட்டார்கள் என்றுதான்.

இலங்கையில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக வெட்டியது. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, அந்த மாதக் கடைசியில் வந்த அவசர உத்தரவு ஆளை அடையாளம் காண முடியாதபடி முகத்தை மூடும் ஆடைகளுக்கானது. தலையை மட்டும் மூடியவர்கள் அதற்குள் வரவே இல்லை. ஆனாலும் முகம் தெரிய உடுத்திய பெண்கள் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் தடுத்து நிறுத்தப்பட்டதாகச் செய்திகள் வந்தன. வாசலில் நின்ற காவலருக்கு முகமும் தலையும் ஒன்றாகிவிட்டன. அந்தக் குழப்பத்துக்குச் சொல் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தலைக்கும் முகத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்துப் பழகிய வாய், வாசலில் நிறுத்துவதற்கு முன் ஒரு கணமாவது தயங்கும்.

சரியான தமிழ் எது? முக்காடு. புதிதாக ஆக்க வேண்டிய தேவையே இல்லை. தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகளில் "முக்காட்டைப் போடு", "முக்காடு நழுவுது பார்" என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். கிமார் வரும் 24:31ஐ மொழிபெயர்த்தவர்களில் சிலர் முக்காடு என்று எழுதினார்கள், சிலர் முந்தானை என்றார்கள். தமிழ் விவிலியத்திலும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில் பெண்கள் செபிக்கும்போது தலையை மூடுவது பற்றிய இடத்தில் முக்காடுதான் வருகிறது. ஆக, இரண்டு வேதங்களின் தமிழிலும் இடம்பெற்ற சொல். இதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவது வீண்.

முக்காட்டின் அழகு என்னவென்றால், அது துணியின் பெயர் அல்ல, துணி தலையில் இருக்கும் நிலைக்குப் பெயர். சேலைத் தலைப்பும் முக்காடாகும், துப்பட்டாவும் ஆகும், மழையில் தலைக்கு இழுத்துவிட்ட துண்டும் ஆகும். ஹிஜாப் விதவிதமாக அணியப்படுவதைப் பார்த்தால் இது எவ்வளவு பொருத்தம் என்பது விளங்கும். ஒருத்தி சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்கி, முடியை இறுக்கிப் பிடிக்கும் உள்தொப்பியின் மேல் போட்டு, தாடைக்குக் கீழே ஓர் ஊசி குத்தி, ஒரு நுனியை எதிர்த்தோளில் எறிந்துகொள்கிறாள். இன்னொருத்தி நீளத் துணியை இரண்டு சுற்று சுற்றிச் செருகுகிறாள். ஈரானில் பலர் தளர்வாகப் போட்டு முன்முடியை வெளியே விடுகிறார்கள். துணி வேறு, கட்டு வேறு. எல்லாமே முக்காடு.

மறுப்புகள் எனக்குத் தெரியும். முக்காடு என்றாலே அவமானம் என்கிறார்கள். கடன் கொடுத்தவனுக்குப் பயந்து முக்காடு போட்டுக்கொண்டு போவது, "முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு" என்ற பழமொழி எல்லாம் எடுத்துக் காட்டுகிறார்கள். கைம்பெண்ணின் நினைவும் அதில் ஒட்டியிருக்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் அவையெல்லாம் முக்காட்டின் சில பயன்கள், முழுப் பொருள் அல்ல. அந்தப் பழமொழியில் முக்காடு மழைக்குப் போட்டதுதான். முகத்திரையோ பெயரிலேயே பிழை. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கனமானது. மோசே தன் முகத்தை மூடிக்கொண்ட இடத்திலும் தமிழ் விவிலியம் முக்காடு என்கிறதே என்பது. ஆமாம், ஆனால் அங்கே "முகத்தின்மேல்" என்று தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. வெறுமனே முக்காடு என்றால் தலை என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார் என்பதற்கு அதுவே சான்று.

தலைத்துணி என்று எழுதுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பொருள் தெளிவாக இருக்கிறது. ஆனால் தலையைத் துவட்டும் துணியா என்ற ஐயம் வரும். தலைமறைப்பு என்பதில் தலைமறைவின் ஒலி வந்து இடறுகிறது. குற்றவாளிக்குரிய சொல்லின் அக்காள் தங்கை வேண்டாமே. பர்தா பாரசீகத்தில் திரை, தமிழில் உடல் முழுதும் மூடும் கறுப்பு அங்கி. அதையும் தலைத்துணிக்கு எழுதக் கூடாது. முகத்தை மூடும் நிகாபுக்கு முகத்திரை என்று எழுதிக்கொள்ளலாம், அங்கே அது அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். கண்ணுக்கு வலை வைத்த ஆப்கானியப் புர்காவைப் புர்கா என்றே விட்டுவிடலாம். ஹிஜாப் என்ற சொல்லை நாடு கடத்தவும் நான் சொல்லவில்லை. ஆடை, பார்வை, நடத்தை எல்லாம் அடங்கிய நெறியைப் பேசும்போதும், அந்தப் பெயரிலேயே நடந்த வழக்குகளைப் பேசும்போதும் அது அப்படியே வரட்டும். 2022இல் கர்நாடகக் கல்லூரி மாணவிகளின் வழக்கு உயர் நீதிமன்றத்திலும், பிறகு உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்பிலும் வந்து நின்றபோது ஹிஜாப் என்பது எல்லோருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது. கிரந்த எழுத்தைக் கண்டு பயந்து அதைக் கிசாபு என்று நசுக்குவது தனித்தமிழ் ஆகாது. தூய்மை வேண்டுமென்றால் முக்காடு இருக்கிறது.

முஸ்லிம் அல்லாதவர்கள் இதை அணியலாமா என்ற கேள்வியையும் தவறான சொல் கெடுத்துவைத்திருக்கிறது. 2019 மார்ச் 15 கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல் படுகொலைகளுக்கு மறுநாள், நியூசிலாந்துப் பிரதமர் ஜசிந்தா ஆர்டெர்ன் கறுப்புத் துணியால் தலையை மூடி, துக்கத்தில் இருந்தவர்களைச் சந்தித்தார். அடுத்த வெள்ளிக்கிழமை அந்நாட்டுப் பெண்கள் ஏராளமானோர் தலையில் துணி போட்டுக்கொண்டார்கள், காவலுக்கு நின்ற பெண் போலீசார் உட்பட. அந்த இயக்கத்துக்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரிலேயே தலைத்துணி என்ற சொல் இருந்தது. அதையும் தமிழில் முகத்திரை என்று எழுதினால், ஒரு பிரதமர் முகத்தை மூடிக்கொண்டு ஆறுதல் சொல்லப் போனார் என்றாகிறது. அவர் முகத்தில் தெரிந்த துக்கத்தைத்தானே உலகமே பார்த்தது!

நியூயார்க்கில் நஸ்மா கான் தொடங்கி 2013 முதல் ஒவ்வொரு பிப்ரவரி 1ஆம் தேதியும் நடந்துவரும் உலக ஹிஜாப் நாள், பிற மதப் பெண்களையும் ஒருநாள் அணிந்து பார்க்க அழைக்கிறது. இதை முஸ்லிம் பெண்களே எதிர்த்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அஸ்ரா நொமானியும் ஹாலா அரஃபாவும் வாஷிங்டன் போஸ்ட்டில், ஒற்றுமையின் பெயரால் ஹிஜாப் அணியாதீர்கள் என்று எழுதினார்கள். தலைத்துணிக்கு ஹிஜாப் என்று பெயர் வைத்ததே பிழை, அது மார்க்கக் கடமை என்ற எண்ணத்தை அந்தப் பெயர் ஊன்றுகிறது என்பது அவர்கள் வாதத்தின் ஒரு பகுதி. நான் அவர்களோடு பாதி உடன்படுகிறேன். ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டு அவள் வாழ்க்கை எனக்குப் புரிந்தது என்று சொல்வது பொய்யான அறிவு. மாலையில் கழற்றி வைத்துவிட முடிகிறவருக்கு, வேலைக்கான நேர்முகத்தில் அதனாலேயே கதவு மூடப்படுகிறவளின் நிலை எப்படித் தெரியும்? அணிய விரும்பாமல் வீட்டிலும் நாட்டிலும் கட்டாயப்படுத்தப்படுகிறவளின் நிலைதான் எப்படித் தெரியும்? ஆனால் பள்ளிவாசலுக்குள் போகும்போதும், மரணம் நடந்த வீட்டில் அவர்களோடு உட்காரும்போதும் தலையை மூடிக்கொள்வது வேறு. அங்கே யாரும் யாருடைய மதத்தையும் உடுத்திப் பார்ப்பதில்லை. முக்காடு போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவே. தன் விருப்பத்தில் செய்யும்வரை அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

விருப்பம் இல்லாத இடத்தில் கேள்வியே மாறிவிடுகிறது. அமெரிக்கச் சதுரங்க வீராங்கனை நாசி பைகிட்சே, 2017இல் தெஹ்ரானில் நடந்த மகளிர் உலகச் சாம்பியன் போட்டிக்குப் போக மறுத்தார். 2018இல் ஈரானின் ஹமதானில் நடந்த ஆசிய அணிப் போட்டியிலிருந்து இந்திய வீராங்கனை சௌம்யா சுவாமிநாதன் விலகினார். இருவரும் மறுத்தது ஈரானியச் சட்டம் எல்லாப் பெண்கள் மீதும் சுமத்தும் தலைத்துணியை. அதே சட்டத்தை மீறியதாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட மஹ்சா அமினி, 2022 செப்டம்பரில் காவலில் இருந்தபோது உயிரிழந்தார். அவரைப் பற்றிய செய்திகளில் "முகத்திரை சரியாக அணியாததால்" என்று எழுதுவதைவிடப் பெரிய பிழை இல்லை. ஈரானியச் சட்டம் முகத்தை மூடச் சொல்லவில்லை. முடியைத்தான் மூடச் சொல்கிறது. அவர் முகத்தை மூட மறுத்து இறந்தவரல்ல, முக்காட்டுக்கு வெளியே தெரிந்த முடிக்காகப் பிடிபட்டவர். அந்தச் செய்தியில் வேறு எந்தச் சொல் தவறினாலும் இந்தச் சொல் தவறக் கூடாது.